தீரனுக்குக் கிடைத்த ராஜமரியாதை

கேளுங்கள் பெரியவர்களே, கொஞ்சம் சத்தம் போடாமல் கேளுங்கள் பிள்ளைகளே. மலையடிவாரத்தில் முழங்கூர் என்றொரு நாடு இருந்த காலத்துக் கதை இது. அந்த நாட்டை இடிமுரசன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிட அதிரவைத்தான் என்பதே பொருத்தம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மன்னன் அடியெடுத்து வைத்தால் முரசு அதிர வேண்டும், கொம்பு ஊத வேண்டும், கட்டியக்காரன் முன்னே நடந்து பட்டப்பெயர்களைக் கூவ வேண்டும். குளிக்கப் போனாலும் இதே கூத்துதான். பக்கத்து நாட்டுப் பகைவர்கள் ஒற்றர்களுக்குச் சம்பளம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மன்னன் எங்கே இருக்கிறான் என்பது அவர்கள் வீட்டு அடுப்படி வரை கேட்டது.

மன்னனிடம் தீரன் என்ற வேட்டை நாய் இருந்தது. ஒருமுறை காட்டுப்பன்றி மன்னன்மேல் பாய்ந்தபோது, மெய்க்காவலர்கள் மரக்கிளையில் உட்கார்ந்து அவனுக்குத் தைரியம் சொன்னார்கள். தீரன்தான் குறுக்கே விழுந்து காப்பாற்றியது. அன்றிலிருந்து அந்த நாய் என்றால் மன்னனுக்கு உயிர். தன் தட்டிலிருந்தே எடுத்து ஊட்டுவான்.

அறுவடைத் திருவிழா வந்தது.

"இந்த வருஷம் தீரனுக்குத்தான் முதல் மரியாதை. மாலை போட்டு, பட்டத்து யானை மேல ஏத்தி ஊர்வலம் விடப்போறேன்" என்றான் மன்னன்.

அரசி நங்கைவேணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "சட்டி உருண்டாலே கட்டிலுக்கு அடியில ஒளியிற பிள்ளை அது. என் அறையில விட்டுட்டுப் போங்க. சன்னலைச் சாத்திட்டு நான் பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன்."

"என் உயிரைக் காப்பாத்தினவனை மூலையில முடக்கினா ஊர் என்ன சொல்லும்?" என்றான் மன்னன். நாய் என்ன சொல்லும் என்று மட்டும் அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

யானை புறப்பட்டது. முரசு அதிர்ந்தது, தீரனின் காதுகள் மடங்கின. கொம்பு ஊதியது, வால் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அதிர்வேட்டு வெடித்தது, அவ்வளவுதான். யானைமேலிருந்து விழுந்து, மாலையும் பட்டுமாக நொண்டிக்கொண்டே ஓட்டம் பிடித்தது தீரன். "ஆகா, ஆனந்தத்தில் துள்ளுகிறான்!" என்று அரசவைப் புலவர் பாட ஆரம்பித்தார். அவர் இரண்டாம் அடிக்கு வருவதற்குள் நாய் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது.

மன்னனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானே தேடுகிறேன் என்று கிளம்பினான். மன்னன் கிளம்பினால் மற்றதெல்லாம் கிளம்பாதா? முரசுக்குப் பயந்து ஓடிய நாயை முரசு கொட்டிக்கொண்டே தேடிப் போனார்கள், புத்திசாலிகள்.

மாந்தோப்பில் அதன் வால் தெரிந்தது. முரசு ஒலித்தது, வால் மறைந்தது. ஓடைக்கரைப் புதரில் அதன் மூக்கு தெரிந்தது. கொம்பு ஒலித்தது, மூக்கும் மறைந்தது. "நம் மேல ரொம்பக் கோபமா இருக்கான் போல" என்றார் அமைச்சர். இதைச் சொல்லத்தான் அவருக்கு ஏழு கிராமம் மானியம்.

கடைசியில் மலைச்சரிவில் ஒரு பாறை விளிம்பில் தீரன் நின்றது. உடம்பெல்லாம் நடுக்கம். அதன் பின்னால் அதலபாதாளம்.

முரசு ஒருமுறை அதிர்ந்தது. நாய் ஓரடி பின்வாங்கியது. கொம்பு ஊதியது. இன்னும் ஓரடி. பின்னங்காலடியில் ஒரு கல் பெயர்ந்து உருண்டது. அந்தக் கல் விழுவதைப் பார்த்தபோதுதான் மன்னனுக்கு உறைத்தது. தன் நாயைக் கொன்றுகொண்டிருப்பது தன் மரியாதைதான். கட்டியக்காரன் மூச்சை இழுத்து வாயைத் திறக்கவும், மன்னன் பாய்ந்து பொத்தினான். முரசடித்தவனின் கை அந்தரத்தில் நின்றது.

கட்டியக்காரன் விரலிடுக்கு வழியே முனகினான். "மன்னா, முரசில்லாம நீங்க ஓரடி எடுத்து வெச்சாலும் முறை கெட்டுப்போகுமே."

மன்னன் கிரீடத்தைக் கழற்றி அவன் கையில் திணித்தான். "முறை இதுக்குத்தானே? எடுத்துட்டுப் போ. ஓடையைத் தாண்டுற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. அப்புறம் ஊருக்குள்ள போய் ஆசை தீர அடிங்க."

போனார்கள். ஊருக்குள் கிரீடத்தை யானைமேல் வைத்து, முரசு கொட்டி, வேட்டு வெடித்து ஊர்வலம் நடத்தினார்கள். கிரீடத்துக்குக் கீழே தலை இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. மன்னரின் முகப்பொலிவைப் பற்றிப் புலவர் பத்துப் பாட்டு பாடினார். இப்படியொரு விழா நடந்ததே இல்லை என்று ஊரே மெச்சியது.

மலையில் மன்னன் தரையில் உட்கார்ந்தான். கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. வெயில் தாழ்ந்தது. நடுக்கம் மெல்ல அடங்கிய தீரன் ஓரடி முன்னால் வைத்தது. நின்றது. மறுபடி ஓரடி. பிறகு நொண்டி நொண்டி வந்து அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"என்னை மன்னிச்சிருடா" என்றான் இடிமுரசன். அவன் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை. அழுதான் என்றும் சொல்வார்கள், பார்க்கத்தான் ஆளில்லை.

ஆகவே, நம்மை நம்பி வாழும் வாயில்லா ஜீவனிடம் அன்பு இருந்தால், நம் கொண்டாட்டத்துக்குள் அதை இழுக்காமல் அமைதியான இடம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும்.