சம்பந்தி தும்மிய கரகரப்ரியா

மாயவரம் சபாவில் கிளாரினெட் வைத்தியலிங்கம் வாசித்த அன்று நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். ஆகவே தாராளமாக நம்பலாம். கரகரப்ரியாவை விரித்துக்கொண்டே போனவர் மூச்சு வாங்க இரண்டு நொடி நிறுத்தினார். சுருதிப்பெட்டி மட்டும் ஒலித்தது. அப்போது பார்த்துத்தானா அவருடைய சம்பந்தி தும்ம வேண்டும்? மேலே சுற்றிய மின்விசிறி நின்று, யோசித்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.

மறுவாரமே வித்வானின் முன்பற்கள் போயின. இனி ஊத முடியாது. மிஞ்சியது அன்றைய கச்சேரியின் ஒரே பதிவுதான். அதுவும் டி.எஸ்.டி என்னும் உயர்தரப் பதிவு. நொடிக்கு இருபத்தெட்டு லட்சம் தடவை ஒன்று, பூஜ்யம் என்று மட்டுமே எழுதிக்கொண்டு ஓடுவது. தும்மலோடு வெளியிட மாட்டோம் என்று இசைத்தட்டுக் கம்பெனி கைவிரித்தது.

வித்வான் வடபழனி ஸ்டுடியோவுக்கு வந்தார். கைமோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“தும்மல் போகணும். நான் ஊதினதுல ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. செஞ்சவங்களுக்கு இது.”

அங்கே மூன்று ஒலிப்பதிவாளர்கள். ஞானப்பிரகாசம் தொடவே மறுத்தார். டி.எஸ்.டி மாதிரி ஒற்றை பிட் பதிவில் ஓரிடத்தில் கத்தி வைத்தாலும் முழுவதும் பாழ். ஒரு புள்ளிகூட மாறக் கூடாது என்ற வித்வானின் சொல்லைக் காப்பவன் நான்தான் என்றார். நிஜாமுதீன் முழுப் பதிவையும் வெட்டி ஒட்ட வசதியான இருபத்துநான்கு பிட் பி.சி.எம் என்னும் வேறு வகைக்கு மாற்றி, தும்மலை வெட்டி, மறுபடி டி.எஸ்.டி ஆக்கினார். ஒரு பிட் எங்கே, இருபத்துநான்கு எங்கே, நாதம் கொழுத்து வந்திருக்கிறது என்று மார்தட்டினார். கோமளா தும்மலை மட்டும் வெட்டி இரு முனைகளையும் ஒட்டினாள். ஒட்டிய இடத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு மட்டும் பி.சி.எம் ஆகித் திரும்பியது. மற்றதெல்லாம் இருந்தது இருந்தபடி.

நிஜாமுதீன் விடவில்லை. “ஏம்மா, அப்ப நீயும்தானே மாத்தியிருக்கே? கொஞ்சமா மாத்தினா கணக்கில்லையா?”

“மாத்தினேன் பாய். எந்த இடத்துலன்னு கேளுங்க.”

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மோதிரம் யார் விரலுக்கு?

விடை: கோமளாவுக்கே. ஒட்டு விழுந்தது வித்வான் மூச்சு வாங்கிய இடத்தில். அங்கே மாறியது சுருதிப்பெட்டியின் ஓசைதான். அவர் ஊதியது அல்ல. டி.எஸ்.டியை வெட்டவே முடியாது என்பது ஞானப்பிரகாசத்தின் வீண் பயம். தும்மலும் அப்படியே இருந்துவிட்டது. நிஜாமுதீனின் வேலை காதுக்கு உறுத்தியிராது. ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் மறுபடி எழுதப்பட்டுவிட்டது; பிட்டைக் கூட்டினால் பதிவில் இல்லாத நாதம் வந்து சேராது. கோமளாவின் பதிவை இரண்டு தடவை கேட்ட வித்வான் மோதிரத்தை நீட்டிக்கொண்டே சந்தேகமாகக் கேட்டார்: “ஏம்மா, அந்த மனுஷன் நிஜமாவே தும்மினாரா?”