முழங்காலோடு வாதாடிய மான்

காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. கோடை முற்றினால் அது வற்றிவிடும். அதற்குள் யாராவது ஒருவர் பல நாள் ஓடி, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து வர வேண்டும். அந்த வேலைக்கு ஆள் எடுக்க ஆண்டுதோறும் ஓட்டப்பந்தயம் நடக்கும். மூன்று மலையைச் சுற்றிக் குளத்துக்கே திரும்ப வேண்டும்.

இந்த ஆண்டு முதலில் வந்தவள் வேம்பி என்ற இளம் மான். ஓட்டத்தில் கெட்டிக்காரி. வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. அவள் வந்து, தண்ணீர் குடித்து, புல்லும் மேய்ந்து முடித்த பிறகுதான் இரண்டாவதாகப் பூவாத்தா என்ற காட்டுப்பன்றி வந்து சேர்ந்தாள்.

ஆனால் வேலை இன்னும் யாருக்கும் இல்லை. முதல் இரண்டு பேரும் ஓடிய கால் ஆற மூன்று நாள் குளத்துச் சேற்றில் படுத்துக் கிடக்க வேண்டும். நாலாம் நாள் கரட்டுப் பாறையில் ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். அதில் முந்துபவருக்கே வேலை. அதுதான் அந்தக் காட்டு வழக்கம்.

சேற்றுக்குப் பொறுப்பு ஒச்சாயி என்ற எருமை.

"படு தாயி, காலு வீங்கியிருக்கு" என்றாள் ஒச்சாயி.

"வீங்கவில்லை. என் காலின் வடிவமே அதுதான்!"

"சரி, வடிவத்தோட படு."

"மூன்று நாள் என்று யார் முடிவு செய்தது? ஏன் இரண்டரை நாள் இல்லை? முதலில் வந்தவளுக்கும் பின்னால் வந்தவளுக்கும் ஒரே சேறா?"

"சேறுன்னா சேறுதான். அதுல முதல் வகுப்பு எல்லாம் கிடையாது!"

வேம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "புரிந்துவிட்டது! ஜெயித்த பெண்ணை முடக்கிப் போடும் சதி இது!"

சேற்றுக்குள்ளிருந்து பூவாத்தா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "நானும் பொண்ணுதான்டி. சுகமா இருக்கு, நீயும் வாயேன்." சொல்லிவிட்டுக் குறட்டை விட்டாள்.

வேம்பி விறைப்பாக நடந்து போனாள். "படுக்காட்டி நட்டம் உனக்குத்தான் தாயி" என்று ஒச்சாயி அவளை விட்டுவிட்டாள். மறுநாள் விடிந்ததும், தனக்கு ஓய்வே தேவையில்லை என்று நிரூபிக்கக் குளத்தை இரண்டு சுற்று ஓடினாள். மூன்றாம் சுற்றில் முழங்கால் சுரீர் என்றது. நின்றாள். முழங்காலைக் குனிந்து பார்த்தாள்.

"வலிக்கிறது என்கிறாயே, என்ன ஆதாரம்? நேற்று மூன்று மலை ஓடினாயே, அப்போது வலித்ததா? பதில் சொல்!"

முழங்கால் வாயே திறக்கவில்லை. வேம்பி அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு இன்னும் நாலு சுற்று ஓடினாள்.

மூன்றாம் நாள் மரத்து மேல் குரங்குகள் கேட்டன: "என்னம்மா, நொண்டுறியா?"

"இது புது நடை! உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது!"

நாலாம் நாள் வந்தது. பாறையில் வேம்பியின் முதல் தாவல் அபாரம். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் முழங்கால் மடங்கியது. மூக்குக் கல்லில் இடித்தது. பக்கத்தில் பூவாத்தா, காய்ந்த சேறு பொலபொலவென்று உதிர, ஏறினாள், இறங்கினாள். வேலை அவளுக்கு!

வேம்பி வழக்கம்போல் வாதாட வாயைத் திறந்தாள். பாறை மேல் பழி போடலாமா? பூவாத்தாவுக்கும் அதே பாறைதான். ஒச்சாயி மேல்? படு என்று கெஞ்சியவளே அவள்தான். எதிர்க்கட்சியில் மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. அவள் பெயரும் வேம்பி! மூக்கு எரிய எரிய அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போயிட்டு வரட்டுமாடி?" என்று கேட்டாள் பூவாத்தா.

"போ. களைத்தால் படுத்துக்கொள். படுக்கக் கூடாது என்று எவளாவது நியாயம் பேசினால் என் கதையைச் சொல். முதலில் வந்தவள் என்பதையும் சேர்த்துச் சொல்!"

ஊரையே வாயால் வென்றாலும் வலியிடம் அது செல்லாது. ஓடத் தெரிந்தவர் ஓய்வெடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.