ம் கொட்டாத பூவாத்தா

காலை நீட்டிப் படு. அந்தப் போனை அங்க வை. கதை வேணுமா, போன் வேணுமா? சரி. ஆனா ஒண்ணு, அத்தை கதை சொன்னா நீ ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுடும், அப்புறம் நீ உருண்டு அழுதாலும் வராது. எங்க, இப்பவே ஒண்ணு கொட்டு.

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். பேரு ஓயாவாயன். பல்லு வெளக்கும்போதும் பேச்சு, வாய்ல சோத்தை வச்சுக்கிட்டும் பேச்சு. லொட லொட லொடன்னு விடிஞ்சதுலேருந்து பொழுது அடையிற வரைக்கும் பேச்சு. உங்கப்பன் மாதிரின்னு வச்சுக்கோயேன்.

“அப்பா அவ்ளோ பேச மாட்டாரு அத்தை.”

என் தம்பியைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? படுடி.

அந்த ஊர்ல ஒரு பழைய வழக்கம். யாரு பேசுனாலும் கேக்குறவங்க ம் கொட்டணும். ம் வரலையா, பேசுறவங்க வாயை இறுக்கி மூடிக்கணும், ராஜாவா இருந்தாலும் சரி. அந்தப் பேச்சு முடியாம அடுத்த பேச்சு எடுக்கக் கூடாது. நடுவுல ஆளை மாத்தவும் கூடாது, முதல் ம் கொட்டுனவங்கதான் கடைசி வரைக்கும் கொட்டணும். ஒரு பேச்சுக்கு மூணு ம் விழுந்துச்சோ, அவ்ளோதான், அது சட்டம்.

அப்போ ராஜா என்ன பண்ணாரு? ம் கொட்டுறதுக்குன்னே அரமனையில ஒரு பொம்பளையை வேலைக்கு வச்சுட்டாரு. அவதான் பூவாத்தா. சிம்மாசனத்துக்குப் பக்கத்துல நிப்பா. “நான் புலியை அடிச்சேன்”பாரு ராஜா. “ம்”பா. “பல்லாலேயே கடிச்சுக் கொன்னேன்”பாரு. “ம்”பா. நின்னுக்கிட்டே தூங்குவா, ம் மட்டும் தவறாம வரும். சபையில மத்தவங்க மட்டும் என்ன முழிச்சுக்கிட்டா இருந்தாங்க?

“ம்.”

அப்புறம் ஒருநாள் ராஜா எந்திரிச்சு, “கீழக்குளத்தை மூடப் போறேன்”னாரு. பூவாத்தா பழக்க தோஷத்துல “ம்”னா. “அங்க நான் உக்காந்து பேசுறதுக்கு ஆயிரங்கால் மண்டபம் கட்டப் போறேன்”னாரு. “ம்”னா. அப்பத்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கீழக்குளமா? அது அவ ஊர்க்குளம்டி! நாப்பது வீட்டுக்கும் குடிக்கிற தண்ணி அதுதான். அவ மக சிட்டு, ஆறு வயசு, உன்னை மாதிரி ஒரு வாலு, அதுலதான் நீச்சல் பழகிக்கிட்டிருக்கா. ரெண்டு ம் போயிடுச்சு. இன்னும் ஒண்ணு விழுந்தா குளம் போச்சு. அய்யோ, என் வாயாலேயே என் ஊர்த் தண்ணியில மண்ணைப் போட்டுட்டேனேன்னு பதறிப்போனா.

ராஜா சொன்னாரு: “நாளைக்கே மண்ணு கொட்டுறோம்!”

சத்தமே இல்ல. ராஜா திரும்பிப் பாத்தாரு. பூவாத்தா வாயை ‘ஆ’ன்னு தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிறா. ஏன் தெரியுமா? நீ வாயை மூடு. இப்ப தொண்டையில சத்தம் குடு. என்ன வருது?

“ம்ம்ம்.”

பாத்தியா? வாயை மூடுனா அது தானா வந்துடும். பழகிப்போன வாயி, அவளே அதை நம்பலை. அதான் தொறந்தே வச்சுக்கிட்டா.

ராஜாவுக்கு வந்துச்சே கோவம்! ‘இவ தலையை வாங்கு’ன்னு கத்தணும். எப்படிக் கத்துவாரு? ம் இல்லாம பேசக் கூடாதே. லபக்குன்னு வாயை மூடிக்கிட்டாரு. கன்னம் ரெண்டும் புஸ்ஸுன்னு உப்பிடுச்சு. கையால கழுத்தை அறுக்குற மாதிரி காட்டுனாரு. மாலை போடச் சொல்றாருன்னு ஒருத்தன் ஓடிப்போயி மாலை கொண்டாந்தான். அன்னிக்கு மத்தியானந்தான் அரமனைக்காரங்க நிம்மதியா உக்காந்து சாப்பிட்டாங்களாம்.

மந்திரி ஒருத்தன் இருந்தான், பெரிய எத்தன். அவனுக்கு ம் கொட்டத் தனியா ஒரு கணக்கப்பிள்ளை. மந்திரி சொன்னான், “அவளைக் கொன்னுட்டா மூணாவது ம் யாரு கொட்டுறது? ராஜா வாய் ஆயுசுக்கும் தொறக்காது. ஒண்ணு பண்றேன். இந்த ம்ங்கிற வார்த்தை எந்த தேசத்துல பொறந்துச்சு, என்ன அர்த்தம்னு சொல்றதுக்கு பெரிய பெரிய படிப்பாளிங்களைக் கூப்பிடுறேன். அவங்க பேசுனா கேக்குறவங்களுக்குக் கண்ணு சொருகும், ம் ம்னு தலையாட்டுவாங்க. இவ மட்டும் என்ன விதிவிலக்கா? எதுக்கு ம் கொட்டுனாலும் ராஜா பேச்சுலதான் சேத்துக்குவேன்.” கணக்கப்பிள்ளை, “ம்.”

அப்புறம் முதல்ல வந்தாரு வடக்கேயிருந்து ஒரு பண்டிதர். “எங்க பக்கம் கதை கேட்டா ‘ஹூங்’னு சொல்லுவோம். அதுதான் தாய். அது தெக்க நடந்து வர்ற வழியில வெயில்ல ‘ஹூ’ காஞ்சுபோச்சு, மிச்சம் நின்னதுதான் உங்க ‘ம்’.” இதை மூணு நாள் சொன்னாரு. கொழ கொழ கொழன்னு. கணக்கப்பிள்ளை கொறட்டையிலேயே ம் கொட்டுனான். பூவாத்தாவுக்குத் தலை ஆடுது, கண்ணு சொருகுது, வாய் மட்டும் ‘ஆ’. ஒரு ஈ உள்ள போய்ச் சுத்திப் பாத்துட்டு வெளிய வந்துச்சாம்.

“ச்சீ.”

ச்சீ இல்ல, ம் சொல்லு. அப்புறம் வந்தான் ஒரு போர்த்துகீசியக் கப்பல்காரன். “எங்க பாஷையில ‘ஊம்’னா ஒண்ணு. ஒண்ணு இல்லாம ரெண்டு உண்டா? மூணு உண்டா? ஆகவே எல்லாம் எங்ககிட்டேருந்து வந்தது, எல்லாம் எங்களுது.” கொஞ்சம் விட்டிருந்தா குளத்தையும் கப்பல்ல ஏத்தியிருப்பான். பண்டிதர் அவன் தொப்பியைத் தட்ட, அவன் இவரு குடுமியைப் பிடிக்க, டம் டும் டமார். அந்தச் சத்தத்துல பூவாத்தாவுக்குத் தூக்கமே கலைஞ்சுடுச்சு.

சீனத்துப் பட்டு வியாபாரி ஒருத்தன் ஓரமா நின்னு சிரிச்சான். “எங்க கான்டன் துறைமுகத்துல ‘ம்’னா ‘இல்லை’ன்னு அர்த்தம்.” அப்போ பூவாத்தா கொட்டுன ரெண்டும் ‘இல்லை’யாயிடுமோன்னு மந்திரிக்கு மூஞ்சி வெளுத்துடுச்சு. “ஐயா, உங்க மூட்டையை எடுத்துட்டு நீங்க கெளம்புங்க.”

கடைசியா ஒரு அரபுக் குதிரை வியாபாரி, வயசான மனுசன். “நமக்கு ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. எங்க ஊர்ல ‘உம்ம்’னா அம்மா”ன்னாரு. அதைக் கேட்டதும் பூவாத்தா கண்ணுல பொலபொலன்னு தண்ணி. மக ஞாபகம். மந்திரி அதைப் பாத்துட்டான்.

படுபாவி, என்ன பண்ணான் தெரியுமா? ஆளை அனுப்பி சிட்டுவைக் கூட்டியாந்துட்டான்.

“அய்யோ.”

ம். அந்தப் புள்ள ஓடிவந்து அம்மா சேலையைப் பிடிச்சுக்கிச்சு. “அம்மா, பசிக்குதும்மா. வீட்டுக்கு வர்றியா?” எந்த அம்மா இதுக்கு ம் சொல்லாம இருப்பா? பூவாத்தாவுக்கு ம் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. “ஏம்மா பேச மாட்டேங்கிற? என் மேல கோவமா?” கண்ணீர் வழிஞ்சு தொறந்த வாய்க்குள்ளேயே விழுகுது. அப்பவும் வாயை மூடலை. மகளை அப்படியே வாரி இடுப்புல வச்சுக்கிட்டா. அந்த மந்திரி நல்லா இருப்பானா, சொல்லு?

“ம்ஹும்.”

அப்போ சிட்டு சுத்திப் பாத்தா. யாரு எங்கம்மாவை இப்படி அழவச்சதுன்னு பாத்தா. உப்பிப்போன கன்னத்தோட ராஜா உக்காந்திருக்காரு. சரக்குன்னு இறங்கி அவரு முன்னாடி போய் நின்னா.

“கீழக்குளம் எங்களுது.”

ராஜாவுக்கு ‘ஏய்!’னு கத்தணும். ஆனா வாய் மூடியிருக்கே? மூக்கு வழியா வந்துச்சு: “ம்ம்!”

“அதுல யாரும் மண்ணு போடக் கூடாது.”

‘புடி இவளை!’ன்னு கத்தணும். வந்தது, “ம்ம்ம்!”

“எங்கம்மாவை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

ராஜா காலை ஓங்கித் தரையில ஒதைச்சாரு. தம்! “ம்ம்ம்ம்!”

மூணு ம் விழுந்துடுச்சு. சிட்டு சொன்னது சட்டமாயிடுச்சு. மந்திரி குதிச்சான், “அது ம் இல்ல! உறுமல்! அர்த்தம் வேற!” வாசல்ல ஈட்டியோட நின்ன காவக்காரன், அவனும் கீழக்குளத்துத் தண்ணி குடிச்சவன்தான், மெதுவா கேட்டான்: “பூவாத்தா தூக்கத்துல கொட்டுன ரெண்டு ம்மை எண்ணுனப்ப, நீங்க அர்த்தமா கேட்டீங்க?” சபை மொத்தமும், “ம்ம்ம்!” மந்திரி பதில் சொல்றதுக்குத் தன் கணக்கப்பிள்ளையைப் பாத்தான். கணக்கப்பிள்ளை அவனைப் பாத்துக்கிட்டே வாயைத் தொறந்தான். ‘ஆ’.

அம்மாவும் மகளும் நேரா போயி குளத்துல எறங்கி வயிறு முட்டத் தண்ணி குடிச்சாங்க. ராஜாவோட பேச்சு மட்டும் பாதியிலேயே நின்னுபோச்சு, மூணாவது ம் வரவே இல்ல. ஆயுசு பூரா வாயை மூடிக்கிட்டே ராஜ்யம் ஆண்டாராம். நல்லாவே ஆண்டாராம்! அந்தப் பண்டிதரும் கப்பல்காரனும் ம் எங்க பொறந்துச்சுன்னு இன்னும் வெளிய அடிச்சுக்கிட்டுத்தான் கிடக்காங்க.

நேத்து நம்ம தெருமுனையில கூட மைக் வச்சு ஒருத்தன் என்னமோ படிச்சான். ரோடுன்னான், அகலம்னான், வீட்டை இடிக்கணும்னான். உங்கப்பன் போனைப் பாத்துக்கிட்டே ம் ம்னு ரெண்டு தடவை கொட்டிட்டு வந்திருக்கான். அடுத்த வாரம் திரும்ப வர்றாங்களாம். நாம ரெண்டு பேரும் போவோமா?

என்னடி, ம் காணோம்?

தூங்கிட்டா. வாயைப் பாரு, ‘ஆ’ன்னு தொறந்து கிடக்கு. அப்படியே இருக்கட்டும். ம்மும் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. நீ தூங்கு தங்கம்.