சிவப்புத் துணி கட்டின செடி

ஒரு மலையில ஒரு பாறை, அந்தப் பாறையில ஒரு செடி. செடின்னா பெருசா நெனச்சுக்காத தாயி, உன் சுண்டுவிரல் உசரம்தான். பாட்டி சொல்றதக் கேக்குறியா?

ம்.

ம் சொல்லிக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா சுவத்துக்குச் சொல்ற மாதிரி ஆயிடும். ஆபீஸ் சுவத்துக்கெல்லாம் வேணுங்கிற மட்டும் சொல்லியாச்சு.

அந்தப் பாறைக்கு மேல ஒரு சோலை. பகல்லயே இருட்டா இருக்குற சோலை. அதுக்குள்ள இருந்து தண்ணி டிப்பு டிப்புன்னு பாறை மேல சொட்டும். அப்புறம் அது ஓடையாகி, தேயிலைக் காட்டைத் தாண்டி, எஸ்டேட் கூலிக்காரங்க வரிசையா இருக்குற லைன் வீட்டுக் குழாய்ல வந்து விழும். அப்போ அந்த எஸ்டேட் துரைக்கு ஒரு ஆசை வந்துச்சு, சோலைய வெட்டிட்டு அங்கயும் தேயிலை வைக்கணும்னு. லைன்ல இருந்தவங்க போய்க் கேட்டாங்க, தண்ணிக்கு நாங்க என்ன செய்றதுன்னு. லாரியில கொண்டாந்து ஊத்துறேன்னாரு. லாரித் தண்ணிய நம்பிப் பொழச்ச எஸ்டேட் எங்க இருக்குன்னு யாராவது எனக்குக் காட்டட்டும்.

ம்.

அந்த லைன்ல பேச்சித்தாய்னு ஒருத்தி இருந்தா. களை எடுக்குறதுல அவள மிஞ்ச ஆள் கிடையாது. சரக்குன்னு இழுத்தா வேர் முழுசா வந்துடும், அதுல அவளுக்கு ஒரு கர்வம். அவ நாத்தனா மாடத்தி நேர் எதிரு. நகத்தால டிக்குன்னு தலையக் கிள்ளிப் போட்டுட்டு நகந்துடுவா. கங்காணி வந்து வேர் எங்கன்னு கேட்டா, நீங்க குடுக்குற கூலிக்குத் தலைதான் வரும், வேருக்கு வேற கூலிம்பா. எல்லாரும் அவள சோம்பேறின்னு கூப்புட்டாங்க. பேச்சித்தாயும்தான்.

அப்போ ஒருநாள் டவுன்ல இருந்து செடிகளப் பத்தி ஆராயுற ஒரு காலேஜம்மா வந்தாங்க. வழி காட்ட பேச்சித்தாயக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அந்தப் பாறையக் கண்டதும் அந்தம்மா தொபுக்குன்னு குப்புறப் படுத்துட்டாங்க. பேச்சித்தாய் வழுக்கி விழுந்துட்டாங்கன்னு நெனச்சுத் தூக்கப் போனா. இல்ல, செடியப் பாக்குறாங்க. மொத்தம் மூணு செடி. நாலு வருசமா எத்தனையோ மலை ஏறித் தேடி, இந்த மூணுதான் கண்ணுல பட்டுச்சாம்.

ரெண்டு நாள் அந்தம்மா அங்கயே படுத்து, நோட்டுல எழுதினாங்க. பேச்சித்தாய் குடை புடிச்சா. இலை மேல பச்சை, அடியில வெத்தலை போட்ட நாக்கு மாதிரி சிவப்பு. பாறை வெடிப்புக்குள்ள மொச்சைக்கொட்டை அளவுல ஒரு கிழங்கு. வெயில் காலத்துல இலை செத்துடும், கிழங்கு மட்டும் ஈரத்தக் குடிச்சுக்கிட்டு உள்ள ஒளிஞ்சிருக்கும். ஒரு வருசம் பாறை காஞ்சா அதோட சரி. இலையில மயிர் இருக்கே, அத எப்படி எழுதுறதுன்னு அந்தம்மா பேனாவ வச்சுக்கிட்டு முழிச்சாங்க. பொறந்த பிள்ளை காது மாதிரின்னு பேச்சித்தாய் சொன்னா. அந்தம்மா சிரிச்சுக்கிட்டு அப்படியே எழுதிக்கிட்டாங்க.

அப்புறம் சொன்னாங்க, இது வேற எங்கயும் இல்லாத செடி, பூக்க இன்னும் ஒரு மாசம் ஆகும், அப்போ அதிகாரிகளக் கூட்டிட்டு வர்றேன், பூவோட அவங்க கண்ணால பாத்துட்டா சோலைய யாரும் தொட முடியாதுன்னு. துரை காதுக்குப் போயிடக் கூடாது, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லிட்டு, அடையாளத்துக்கு மூணு செடியிலயும் சிவப்புத் துணி கட்டினாங்க.

பேச்சித்தாய் முடிச்ச அவுக்கக் கைய நீட்டினா, அப்புறம் இழுத்துக்கிட்டா. ஏன் தெரியுமா? அந்த எஸ்டேட்டுல வேர் அழுகின தேயிலைக்குத்தான் சிவப்புத் துணி கட்டுவாங்க. சிவப்பக் கண்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, புடுங்கிடுவாங்க.

ம். சொல்ல வேண்டியதுதானே?

சொல்லியிருக்கணும். மூணு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. பாறை மேல வந்துச்சு. படிச்சவங்க கட்டினா சரியாத்தான் இருக்கும்னு முழுங்கிட்டா. ஜீப் ஏறும்போது வந்துச்சு. இப்போ போய்ச் சொன்னா முட்டாள்னு நெனப்பாங்கன்னு முழுங்கிட்டா. சாயங்காலம் குழாயடியில, ரெண்டு நாளா மேல என்ன சோலின்னு மாடத்தி கேட்டா. அப்பவும் வந்துச்சு. விறகுக்குப் போனேன்னு சொல்லிட்டா. அப்பவே பேச்சித்தாய் வாயில ரெண்டு போட்டிருக்கணும்.

நாலு நாள் கழிச்சு பேச்சித்தாயோட பிள்ளைக்குக் காய்ச்சல். அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. அன்னைக்குப் பாத்து கங்காணி பத்துப் பேர ஓடைக்கரைக்குக் களை எடுக்க அனுப்பினான். தெரிஞ்சு அனுப்பினானா, தெரியாம அனுப்பினானா, இன்னைக்கு வரைக்கும் விளங்கல. பாறையில மூணு சிவப்பு. ஒருத்தி களைக்கொத்தால ணங்குன்னு போட்டா, ஒரு செடி நசுங்கிப் போச்சு. இன்னொருத்தி சரக்குன்னு இழுத்தா, கிழங்கோட வந்துடுச்சு. மூணாவதுக்கு மாடத்தி.

டிக்கு.

ஆமா, டிக்கு.

பேச்சித்தாய் வந்து குழாயடியில குடத்த வைக்கிறா. மாடத்தி சிரிச்சுக்கிட்டே சொல்றா, மேல எவனோ கூறு கெட்டவன் பாறையில முளைச்சதுக்கெல்லாம் சிவப்பு கட்டியிருக்கான், எல்லாத்தையும் எடுத்துட்டோம்னு. குடம் டமார்னு உருண்டுச்சு. பேச்சித்தாய் அங்கயே உக்காந்து, அத்தனை பேர் முன்னாடியும் எல்லாத்தையும் சொல்லிட்டா. செடி, சோலை, அதிகாரி, துணி, எல்லாம். ஒருத்தி குழாய மூடினா. அப்புறம் மாடத்திதான் கேட்டா:

"டவுன்ல இருந்து வந்தவங்கள நம்புனீங்க மதினி. எங்கள நம்பலையே?"

தாயி, தூங்கிட்டியா?

ம்ஹும்.

பேச்சித்தாய்க்கு திடீர்னு ஒண்ணு உறைச்சுது. மூணாவது செடிய யார் எடுத்ததுன்னு கேட்டா. எல்லாரும் மாடத்தியப் பாத்தாங்க. வேர எடுத்தியாடின்னு பேச்சித்தாய் கேட்டா. மாடத்திக்குக் கோவம் வந்துடுச்சு.

"நான் என்னைக்கு வேர எடுத்தேன்?"

பேச்சித்தாய் அவளக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. கட்டிப் புடிக்கிற பழக்கமே இல்லாதவ அவ.

அப்புறம் அந்தப் பத்துப் பேரும் ஆளுக்கொரு நாள் விறகுக்குப் போற மாதிரி மேல போய்ப் பாத்தாங்க. துணிய அவுத்துட்டாங்க. புடுங்கின செடிய வெடிப்புல திரும்ப வச்சுப் பாத்தாங்க, அழுகிப் போச்சு. முதல் வாரம் ஒண்ணும் இல்ல. ரெண்டாம் வாரமும் இல்ல. மூணாம் வாரம் போன ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தா. கொழுந்து கிள்ளுறவங்களுக்குத் தெரியும், ஒரு தலையக் கிள்ளினா ரெண்டு துளிர் வரும். வந்துடுச்சு.

சொன்ன நாள்ல மூணு அதிகாரிங்க வந்தாங்க. தேயிலைக்குள்ளயே ரெண்டு பேருக்கு மூச்சு வாங்குது. பாறையில ஒரே ஒரு செடியப் பாத்ததும் காலேஜம்மாவுக்கு முகம் வெளுத்துப் போச்சு. பேச்சித்தாய் முன்னாடி வந்து, உங்க துணிதான் வினைன்னு சொன்னா, சிவப்புக்கு இங்க என்ன அர்த்தம்னும் சொன்னா. அந்தம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் நோட்டப் பிரிச்சு ஒவ்வொரு வரியா வாசிச்சாங்க. ஒரு அதிகாரி லென்ஸ வச்சுக்கிட்டுப் பாறையில குப்புறப் படுத்தாரு. அடியில சிவப்பு, சரி. பொறந்த பிள்ளை காது மாதிரி மயிருன்னதும் சிரிச்சாரு. அப்புறம் பாத்தாரு. சிரிப்பு நின்னுடுச்சு. பூ எங்கன்னாரு. மொட்டாத்தான் இருந்துச்சு. பொறுங்கன்னா மாடத்தி. எஸ்டேட்டுல யாரும் அதிகாரியப் பொறுக்கச் சொன்னதில்ல. மூடுபனி விலகுற வரைக்கும் எல்லாரும் நின்னாங்க. அப்புறம் அந்த ரெண்டு துளிர்லயும் அரிசி அளவுல ஒவ்வொரு பூ, வெள்ளையில ஊதாக் கோடு, மெதுவா, மெதுவா...

ம்...

எழுதிக்கிட்டாங்க. சோலை நின்னுச்சு. செடிக்கு வாயில நுழையாத பாஷையில யாரோ பெரிய மனுசன் பேர வச்சாங்க. வைக்கட்டும். லைன்ல அதுக்குப் பேரு சோம்பேறிப்பூ. இப்போ பதினோரு செடி இருக்காம். உலகம் பூராவுக்கும் பதினொண்ணு. இன்னும் பயம் போகல.

மாடத்திக்கு என்ன குடுத்தாங்க?

குடுத்தாங்க. வேர விட்டுட்டான்னு கங்காணி களை எடுத்த அன்னைக்கே அரைநாள் கூலியப் புடிச்சுட்டான். அதக் கேக்கத்தான் பேச்சித்தாய் மறுநாள் ஆபீஸ் வாசல்ல போய் நின்னா. பத்துப் பேரையும் கூட்டிக்கிட்டு. அன்னைக்குத் தொறந்த வாய அவ அப்புறம் மூடவே இல்ல.

மாடத்தி... நம்ம அத்தைப்பாட்டிதானே?

மலையில எத்தனையோ மாடத்தி. நீ படுக்கும்போது ஒரு டம்ளர் தண்ணி குடிச்சியே, அது அந்தப் பாறை மேல சொட்டினதுதான். கதை வயித்துக்குள்ள போயிடுச்சு. கண்ண மூடு.

ம்.

டிப்பு... டிப்பு...