முதுகில் ஒரு மடிப்பு

"அம்மா, நான் போட்ட தையல் அப்படியே இருக்குங்க. பக்கத்துல துணிதான் கிழியுது. இது என்ன அநியாயம்!"

கத்தினவர் சென்னியப்பன். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்தபிறகு மலைமேல் செங்கமலத்தம்மாளிடம் சிஷ்யராகச் சேர்ந்திருந்தார்.

குருவுக்கு இவரைவிட வயது குறைவு. பொறுமை அதிகம். கோஸ் இலையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"எந்தத் துணி?"

"கோட்டுங்க. பூபதிக்கு வாங்கினது."

பூபதி இவர் மகன். வீட்டை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆச்சு. சாயங்கால பஸ்ஸில் வருகிறேன் என்று போன் செய்திருந்தான். பையன் குளிர் தாங்கமாட்டானே என்று மனுஷர் சந்தைக்கு ஓடி ஒரு பழைய கோட்டு வாங்கிவந்தார். வெளியே நல்ல கம்பளி. உள்ளே அக்குள் பக்கம் லைனிங் கிழிசல். கையை விட்டால் கிழிசலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

தைத்தார். போட்டுப் பார்த்தார். டர்ர்.

இரட்டை நூல் கோத்து, இழுத்துத் தைத்தார். மறுபடியும் டர்ர்.

"ஒண்ணுமே புரியலீங்கம்மா. பையனும் இப்படித்தான். நான் ஏதாச்சும் குறை வெச்சேனா? நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குப் படிப்பு. இருட்டினா வாசப்படி தாண்ட விட்டதில்ல. பிச்சுக்கிட்டுப் போயிட்டான்." "இன்னைக்கும் போயிட்டான்னா நான் செத்தேனுங்க. வந்ததும் அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

குரு கையைத் துடைத்துக்கொண்டு கோட்டை வாங்கிப் புரட்டினார். லைனிங்கில், நடு முதுகில், மேலிருந்து கீழே ஒரு புதுத் தையல்.

"இங்கேயும் கிழிஞ்சிருந்ததா?"

"இல்லீங்க. எவனோ துணியை வீணா மடிச்சு விட்டிருந்தான். தொளதொளன்னு தொங்குச்சு. மடிப்பை வெட்டி எறிஞ்சிட்டு இழுத்துத் தைச்சேன். பாருங்க, ஒரு சுருக்கம் இருக்கா?"

"இல்ல. ரொம்ப அழகா இருக்கு."

சென்னியப்பனுக்கு வாயெல்லாம் பல்.

குரு கோட்டை அவருக்கே மாட்டிவிட்டார். "அந்தக் கிளையில ஒரு பேரிக்காய் இருக்கு. பறிங்க."

கையைத் தூக்கினார். டர்ர்.

"ஐயையோ!"

"கையைத் தூக்காம இருந்திருக்கலாம்," என்றார் குரு. மறுபடி கோஸ் பாத்திக்குப் போய்விட்டார்.

சென்னியப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கையைத் தூக்காம மனுஷன் எப்படிங்க..."

பாதியில் நிறுத்தி முதுகைத் தடவிப் பார்த்தார். கையைத் தூக்கினால் விரிந்துகொடுக்கத்தான் அந்த மடிப்பு இருந்திருக்கிறது.

கீழே பஸ் ஹாரன் கேட்டது.

பூபதி கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். தோளில் பை. உள்ளே வரவில்லை. அப்பா வாயைத் திறக்கும் முன்பே சொன்னான்:

"எத்தனை நாள் இருப்பேன்னு கேட்காதீங்கப்பா. எனக்கே தெரியாது."

சென்னியப்பன் கிழிந்த கோட்டோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கவேண்டும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தது அதைத்தான்.

"சரி சாமி," என்றார். "உள்ள வந்தாலும் சரி, அங்கயே நின்னாலும் சரி. நான் டீ வெச்சு எடுத்தாரேன்."