அலமு கொடுத்த துண்டு

ஆத்தங்கரையோரமா ஒரு ஊர்ல ஒரு பாகவதர் இருந்தாரு. முகுந்த பாகவதர்னு பேரு. நிலம் நீச்சு ஒண்ணும் கிடையாது, தொண்டைதான் அவருக்குச் சொத்து. இருமினாக்கூட தாளத்தோட இருமுவாருன்னா பாத்துக்கோயேன். ம் சொல்லு கண்ணு. நீ ம் சொல்லலைன்னா அத்தைக்குக் கதை ஓடாது. ஆங், அப்படி.

சாயங்காலமானா அவரு கோயில் மண்டபத்துல உக்காந்து, சமஸ்கிருதத்துல இருக்கற பெரிய கதை ஒண்ணு சொல்லுவாரு. ராஜா, ராணி, காடு, சண்டைன்னு ஆதி காலத்துலேர்ந்து வாய் வழியா வந்த கதை. முதல்ல சுலோகத்தைக் கணீர்னு பாடுவாரு. ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியாது, ஆனா எல்லாரும் கைகூப்பிக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் அதையே தமிழ்ல சொல்லுவாரு. அப்போ பாக்கணும், சிரிப்பு என்ன, அழுகை என்ன. அந்த ஊர்ல யாருக்குக் கஷ்டம் வந்தாலும் அந்தக் கதைகிட்டதான் போவாங்க. பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போகுதா, ராணி மாலை போடற இடத்தைச் சொல்லச் சொல்லி வேண்டிக்குவாங்க. மழை இல்லையா, அதுக்கு ஒரு இடம். சாமிக்குப் பூ வைக்கற மாதிரியே அந்தக் கதை எழுதியிருக்கற ஏட்டுச்சுவடிக்கும் பூ வைப்பாங்க.

ஆனா அதுல ஒரு கட்டுப்பாடு உண்டு. கதையை அழுகையில நிறுத்தக் கூடாது. கதைக்குள்ள யாராவது தவிச்சுக்கிட்டு இருந்தா, அவங்களை ஒரு நல்ல இடத்துல கொண்டுபோய் விட்டுட்டுத்தான் சுவடியை மூடணும். பாகவதரோட அப்பா, தாத்தா எல்லாரும் அப்படித்தான் பண்ணாங்க.

அப்புறம் என்ன ஆச்சு, அறுப்புக் காலம் வந்துச்சு. ஜனங்களுக்கு அலுப்பு. மண்டபத்துல பாதி இடம் காலி. பாகவதருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. இருங்கடா, உங்களை எப்படி வரவழைக்கறதுன்னு எனக்குத் தெரியும்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டாரு.

அன்னிக்கு என்ன கதைன்னா, ராணி பச்சைக் குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு ஆத்தைக் கடக்கறா. வெள்ளம் ஹோன்னு வருது. ஓடம் இந்தப் பக்கம் சாயுது, அந்தப் பக்கம் சாயுது. ராணி கை வழுக்குது. தொபுக்கடீர். குழந்தை தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. அப்போ பாகவதர் டப்புன்னு சுவடியை மூடிட்டு, "மீதியை நாளைக்குச் சாயங்காலம் வந்து கேளுங்கோ"ன்னு எழுந்துட்டாரு.

பயப்படாதே. அத்தை இருக்கேன்ல. ம்?

வீட்டுக்கு வந்தா, அவரு பொண்ணு அலமு, உன் உசரம்தான் இருப்பா, அவளும் மண்டபத்துல கதை கேட்டவதான், சாப்பிட மாட்டேங்கறா. அம்மா குஞ்சம்மா பிசைஞ்சு பிசைஞ்சு வாய்கிட்ட கொண்டு போறா, வாயைத் திறக்கலை. கொடியில கிடந்த காஞ்ச துண்டை எடுத்துக்கிட்டு வாசப்படியில போய் உக்காந்துட்டா. எதுக்குடின்னு கேட்டா, பாப்பா நனைஞ்சு வரும், துடைக்கணும்னாளாம். பாப்பா என்ன ஆச்சுன்னு எனக்கு மட்டும் சொல்லுப்பான்னு கெஞ்சினா. இவர் சொன்னாரா? சபையில சொல்றதுக்கு முன்னாடி வீட்ல சொல்லிட்டா நாளைக்கு யார் வருவான்னு போய்ப் படுத்துட்டாரு. கல்நெஞ்சுக்கார மனுஷன்.

விடிஞ்சு பாத்தா, அலமு துண்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வாசப்படியிலேயே சுருண்டு கிடக்கா. உடம்பு அனலாக் கொதிக்குது. பாகவதர் கொஞ்சம் பால் காச்சிக் கொடுக்கலாம்னு சொம்பைத் தூக்கிக்கிட்டு லொங்கு லொங்குன்னு பால்காரி மாரக்கா வீட்டுக்கு ஓடினாரு. அங்க மாடு கறக்கவே இல்லை. மாரக்கா மாட்டு மடியில கையை வச்சா அது மடேர்னு உதைக்குதாம். எம் மனசு சரியில்லைன்னு அதுக்குத் தெரியுது சாமி, குழந்தை தண்ணியில கிடக்கேன்னு மூக்கைச் சிந்தினா.

அப்புறம் அக்கரையில இருக்கற வைத்தியரைக் கூட்டிட்டு வரலாம்னு ஆத்துக்கு ஓடினாரு. துறையில பரிசல் இல்லை. பரிசல்காரன் சடையன் நட்டாத்துல நின்னுக்கிட்டு மூங்கிலை விட்டு சளக் சளக்னு துழாவறான். என்னடா தேடறேன்னு இவரு கரையிலேர்ந்து கத்தினாரு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அது கதையில வர்ற ஆறுன்னு எனக்குத் தெரியும் சாமி. ஆனா மனசு கேக்கலை"ன்னான்.

கதையை அழுகையில நிறுத்தாதேன்னு அப்பா சொன்னது அப்போதான் பாகவதர் காதுல விழுந்துச்சு. திரும்பி வந்தாரு. அலமு கண்ணைத் திறக்காமலே, "பாப்பா வந்தாச்சாப்பா?"ன்னு கேட்டா. மனுஷன் அப்படியே உடைஞ்சு போயிட்டாரு. சாயங்காலமாவது சபையாவது. பொண்ணைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு, நடுத்தெருவுக்கு வந்து, குளிக்காம, சுவடி இல்லாம, அந்தச் சுலோகத்தை எடுத்தாரு பாரு. தொண்டை கரகரங்குது, கண்ணுல தண்ணி கொட்டுது. மாரக்கா சாணிக் கையோட ஓடி வந்தா. சடையன் ஈரத்தோட ஓடி வந்தான். வீட்டுக்கு வீடு கதவு திறந்துச்சு. அந்தப் பாப்பா வெள்ளத்துல போயிட்டே இருக்கு, போயிட்டே இருக்கு, அப்போ...

கண்ணு? ம் சொல்லு.

தூங்கிட்டியா. திருட்டுக் கழுதை.

சரி, நீ தூங்கு. ஆனா அத்தை எந்திரிக்க மாட்டேன். பாப்பா இன்னும் தண்ணியில இருக்கே, இப்படியே விட்டுட்டு எப்படிப் போறது.

அப்போ அந்த ஆறு பாத்துச்சாம். நானும் ஒரு தாய்தானேன்னு அதுக்கு மனசு இளகிப் போச்சாம். ஹோன்னு வந்த வெள்ளம் சலசலன்னு ஆச்சு. அலை எல்லாம் சேந்து மடி மாதிரி விரிஞ்சு, குழந்தையைத் தாங்கித் தாங்கிக் கொண்டு வந்து, கரையேறி நின்ன ராணி காலடியில மெதுவா விட்டுடுச்சு. குழந்தை வீல்னு அழுதுச்சு. தெருவே சிரிச்சுச்சு, அழுதுச்சு. அலமு அப்பா தோள்ல நிமிந்து உக்காந்து, அந்தத் துண்டை நீட்டினா. ராணி முந்தானையால துடைச்சாள்னுதான் சுலோகத்துல இருக்கு. ஆனா பாகவதர் துண்டைக் கையில வாங்கிக்கிட்டு, "அப்போ ஒரு சின்னப் பொண்ணு ஓடி வந்து ராணி கையில காஞ்ச துண்டைக் கொடுத்தா. ராணி அதால குழந்தையைத் துடைச்சா"ன்னு சொன்னாரு. அலமு அப்பா கழுத்துல முகத்தைப் புதைச்சுக்கிட்டா. கொஞ்ச நேரத்துல அவளுக்கு நெத்தியில பொடிப்பொடியா வேர்த்துச்சு, காய்ச்சல் விட்டுடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் மண்டபத்துல இடம் இருந்துச்சான்னு கேக்கறியா? நீ எங்க கேக்கறே. இல்லை, நிக்கக்கூட இடம் இல்லை. அதுலேர்ந்து அந்த ஊர்ல யார் அந்தக் கதையைச் சொன்னாலும் துண்டு கொடுத்த சின்னப் பொண்ணு வருவா. ஏட்டுல தேடினா கிடைக்க மாட்டா. அவளை விட்டுட்டுச் சொன்னா ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க.

எங்க, போர்வையை உதைச்சுட்டே பாரு. இந்தா, கால் வரைக்கும் இழுத்து விடறேன். பாப்பா கரைக்கு வந்தாச்சு, கதையும் வந்தாச்சு. நீ தூங்கு.