மைக்கில் வாசித்த மொட்டைக் கடிதம்

அந்தப் பனியன் கம்பெனியில் புகார்ப்பெட்டி மேனேஜர் தண்டபாணியின் மேசை மேலேயே இருந்தது. அதிலும் ஒரு மொட்டைக் கடிதம் விழுந்துவிட்டது.

தண்டபாணி தொழிலாளர்களை முற்றத்தில் நிறுத்தி மைக்கில் கத்தினார்.

"எழுதினது யாருன்னு தெரியாம ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது!"

துப்புரவு வேலை பார்க்கும் பஞ்சவர்ணம், அவர் முதுகுக்குப் பின்னால் முதலாளியம்மா காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள்.

"சத்தமாப் படிங்க சார். பேச்சை வெச்சே ஆளைச் சொல்லிப்போடறேன்."

ஆத்திரத்தோடு படித்தார். "தையல் கூடத்துப் பின்கதவை மேனேஜர் பூட்டிவிடுகிறார். தீப்பிடித்தால் இருநூறு பேரும் உள்ளேயே சாவோம். முதலாளியம்மாவுக்குத் தெரிய வேண்டும்."

நிமிர்ந்தார். "சொல்லு, யாரு?"

"எழுதினவங்க யாருன்னு தெரியலீங்க சார். யாருக்கு எழுதினாங்களோ, அவங்க உங்க பின்னாடி நிக்கறாங்க."

முதலாளியம்மா கையை நீட்டினார்.

"முதல்ல அந்தக் கதவுச் சாவியைக் குடுங்க, தண்டபாணி."